ஃபிரேம் யார் கையில்? சி, சி++, ரஸ்ட், ஜிக்: ஸ்டாக்லெஸ் கோரூட்டீன் ஒப்பீடு

நெட்வொர்க் சர்வரானாலும் சரி, சின்ன மைக்ரோகன்ட்ரோலரானாலும் சரி, நிரலின் பெரும்பகுதி நேரம் காத்திருப்பதிலேயே போகிறது. சாக்கெட்டில் பைட் வர வேண்டும், டைமர் முடிய வேண்டும், சென்சார் தயாராக வேண்டும். இப்படிக் காத்துக்கிடக்கும் வேலைகளை எழுதப் பல வழிகள் உண்டு. வேலைக்கு ஒரு த்ரெட் வைக்கலாம், கால்பேக் எழுதலாம், கையாலேயே ஸ்டேட் மெஷின் கட்டலாம், நடுவில் நின்று பிறகு தொடரும் ஃபங்ஷனான கோரூட்டீன் பயன்படுத்தலாம்.

கோரூட்டீன்தான் என்று முடிவு செய்துவிட்டால், சிஸ்டம்ஸ் மொழிகளில் இன்று கிடைப்பது பெரும்பாலும் ஸ்டாக்லெஸ், அதாவது தனி ஸ்டாக் (ஃபங்ஷன் அழைப்புகளின் மாறிகள் அடுக்கப்படும் நினைவகம்) இல்லாத வகை. சி-யில் மேக்ரோவாக இருக்கிறது. சி++20-இல் மொழியின் பகுதி. ரஸ்ட்டில் ஏசிங்க்-அவெய்ட். ஜிக் மொழியில் இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள்.

இவற்றைக் கீவேர்டு வைத்து ஒப்பிடுவதில் பெரிய பயன் இல்லை. எங்கே பார்த்தாலும் அவெய்ட் என்றுதான் எழுதியிருக்கும். நான் கேட்பது ஒரே கேள்வி: ஃபங்ஷன் பாதியில் நின்றிருக்கும்போது அதன் மாறிகள் எங்கே இருக்கின்றன? அந்த இடத்துக்கு ஃபிரேம் என்று பெயர். அதை யார் ஒதுக்குகிறார், அதன் அளவு எப்போது தெரிகிறது என்று பார்த்தால் ஒவ்வொரு மொழியின் வசதியும் தொல்லையும் எங்கிருந்து வருகின்றன என்பது புரிந்துவிடும்.

தனி ஸ்டாக்கை ஏன் விட்டார்கள்

கோரூட்டீன் என்ற பெயரை மெல்வின் கான்வே 1958-இல் வைத்தார். அதைப் பற்றிய அவரது கட்டுரை 1963-இல் வெளிவந்தது. யோசனை எளிதுதான். கூப்பிட்டால் முடியும்வரை ஓடித் திரும்பும் ஃபங்ஷனுக்குப் பதிலாக, நடுவில் நின்று, அப்புறம் நின்ற இடத்திலிருந்தே தொடரும் ஃபங்ஷன்.

இதற்கு நேரான வழி, ஒவ்வொரு கோரூட்டீனுக்கும் தனி ஸ்டாக் கொடுப்பது. அப்போது எவ்வளவு ஆழத்தில் இருக்கும் ஃபங்ஷனும் நிற்கலாம். இந்த ஸ்டாக்கை அப்படியே விட்டுவிட்டு அடுத்த ஸ்டாக்குக்குத் தாவினால் போதும். கோ மொழி இதைத்தான் செய்கிறது. தொல்லை அளவில் வருகிறது. அதிகம் கொடுத்தால் நினைவகம் வீண், குறைத்துக் கொடுத்தால் ஸ்டாக் வழிந்துவிடும். கோ மொழியில் முதலில் ஸ்டாக்கைத் துண்டு துண்டாக ஒட்டிப் பார்த்தார்கள். துண்டின் எல்லையில் ஒரு லூப் மாட்டிக்கொண்டால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு துண்டை ஒதுக்குவதும் விடுவிப்பதுமாக வேகம் விழுந்தது. 1.3 பதிப்பில், இடம் போதாதபோது பெரிய இடம் எடுத்து ஸ்டாக்கை முழுதாக நகல் செய்யும் முறைக்கு மாறினார்கள். 1.4-இல் தொடக்க அளவு 2 கிலோபைட் ஆனது.

நகல் செய்ய வேண்டுமென்றால் ஸ்டாக்குக்குள் காட்டும் எல்லாப் பாயின்டர்களையும் ரன்டைம் கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். கோ மொழியில் அது நடக்கும். சி, சி++, ரஸ்ட்டில் நடக்காது. எந்த முகவரி எந்த மூலையில் எழுதப்பட்டிருக்கிறது என்று அங்கே யாருக்கும் தெரியாது. ரஸ்ட் துண்டு ஸ்டாக்கை 2013-இல் கைவிட்டது. கிரீன் த்ரெட்டையே (இயங்குதளம் அல்லாமல் ரன்டைமே நடத்தும் த்ரெட்) 2014-இன் இறுதியில் தூக்கிவிட்டு, 2015 மே மாதம் 1.0 பதிப்பை வெளியிட்டது.

ஸ்டாக்லெஸ் முறையில் தனி ஸ்டாக்கே கிடையாது. ஃபங்ஷன் நிற்கக்கூடிய ஒவ்வொரு இடத்திலும் கம்பைலர் அதை வெட்டுகிறது. வெட்டுக்கு முன்னும் பின்னும் தேவைப்படும் மாறிகளை மட்டும் பொறுக்கி ஒரு ஸ்ட்ரக்டில் போடுகிறது. எந்தத் துண்டிலிருந்து தொடர வேண்டும் என்பதற்கு ஓர் எண். அவ்வளவுதான், நின்றிருக்கும் கோரூட்டீன் என்றால் அந்த ஸ்ட்ரக்ட் மட்டுமே. சில பத்து பைட்டிலேயே முடிந்துவிடுவதும் உண்டு.

இதற்கு ஒரு விலை உண்டு. கோரூட்டீன் தன் உடலுக்குள் மட்டும்தான் நிற்க முடியும். அது கூப்பிடும் சாதாரண ஃபங்ஷன் நிற்க முடியாது. உள்ளே ஒன்று நிற்க வேண்டுமென்றால் அதைக் கூப்பிடுபவர், அவரைக் கூப்பிடுபவர் என்று மேலே வரை எல்லாமே ஏசிங்க் ஆக வேண்டும். ஃபங்ஷனுக்கு நிறம் பூசுகிறார்கள் என்று இதைக் குறை சொல்வார்கள். அப்ளிகேஷன் எழுதுபவர்களுக்கு அந்தக் குறை நியாயம். சிஸ்டம்ஸ் வேலையில் எனக்கு இது பாதி வசதியாகவே படுகிறது. லாக்கைக் கையில் வைத்திருக்கும்போது ஃபங்ஷன் எங்கே நிற்கும் என்று கண்ணால் பார்க்க முடிவது சின்ன விஷயம் இல்லை.

சி: 2 பைட்டும் உங்கள் பொறுப்பும்

சி மொழியில் கோரூட்டீன் கிடையாது. ஆனால் ஸ்விட்ச்சின் கேஸ் லேபிளை ஒரு லூப்பின் நடுவிலும் வைக்கலாம் என்ற விநோதமான அனுமதி உண்டு. டாம் டஃப் 1983-இல் இதை வைத்து நகல் எடுக்கும் லூப் ஒன்றை வேகப்படுத்தினார். புட்டி என்ற எஸ்எஸ்எச் நிரலை எழுதிய சைமன் டாதம் 2000-இல் அதே தந்திரத்தால் கோரூட்டீன் மேக்ரோக்களைச் செய்து காட்டினார். நிற்கும் இடத்தில் வரி எண்ணைச் சேமித்துவிட்டு ரிட்டர்ன். அடுத்த முறை கூப்பிட்டால் ஸ்விட்ச் நேராக அந்த வரிக்கே தாவும். 2005-இல் சுவீடனின் ஆடம் டங்கெல்ஸ் இதைப் புரோட்டோத்ரெட் என்ற குட்டி நூலகமாக்கினார். அவருடைய கான்டிக்கி இயங்குதளம் 10 கிலோபைட் ரேம் கொண்ட சென்சார் பலகைகளில் ஓடியது. ஒரு புரோட்டோத்ரெட்டின் நிலைக்குத் தேவை 2 பைட்.

எப்படி 2 பைட்டில் முடிகிறது? வரி எண்ணைத் தவிர எதையும் சேமிப்பதில்லை, அதனால்தான். லோக்கல் மாறிகள் நிற்கும் இடத்தைத் தாண்டினால் போய்விடும். அவற்றை ஸ்டாட்டிக்காகவோ நீங்களே செய்த ஸ்ட்ரக்டிலோ வைக்க வேண்டும். மறந்துவிட்டால் கம்பைலர் பெரும்பாலும் வாய் திறக்காது, நிரல் மட்டும் எப்போதாவது தப்பான மதிப்பைக் காட்டும். ஸ்விட்ச்சால் செய்த வடிவத்தில், நிற்கும் இடத்தைச் சுற்றி உங்கள் சொந்த ஸ்விட்ச் எழுத முடியாது. ஒரே வரியில் இரண்டு முறை நின்றால் வரி எண் மோதும்.

ஆக சி-யில் ஃபிரேம் முழுக்க உங்கள் சொத்து. நீங்களே வரைகிறீர்கள், நீங்களே ஒதுக்குகிறீர்கள், அளவும் கம்பைல் நேரத்திலேயே தெரியும். மறைவாக எதுவும் நடக்காது. பதினைந்து வருடத்துக்கு முந்தைய கம்பைலரிலும் ஓடும். எட்டு பிட் சில்லுக்கு எழுதுபவர்களுக்கு இது இன்னும் நல்ல வழிதான். ஐம்பது கோரூட்டீன் உள்ள நிரலை இப்படி எழுதச் சொன்னால் நான் மாட்டேன்.

சி++20: ஃபிரேம் ஹீப்பில், கையில் ஒரு பாயின்டர்

சி++ முயற்சி 2012-இல் மைக்ரோசாஃப்ட்டிலிருந்து தொடங்கியது. பிறகு அதைத் தோளில் சுமந்தவர் கோர் நிஷானவ். 2017-இல் தனித் தொழில்நுட்ப விவரக்குறிப்பாக வெளிவந்தது, 2019 பிப்ரவரியில் ஹவாயின் கோனா கூட்டத்தில் சி++20-க்குள் சேர்க்க வாக்களித்தார்கள். இடையில் கூகுளைச் சேர்ந்தவர்கள் மாற்றுத் திட்டம் ஒன்றை வைத்தார்கள். சண்டையின் ஒரு முக்கியப் புள்ளி நம்முடைய கேள்வியேதான்: ஃபிரேம் என்பது அளவு தெரிந்த ஒரு பொருளாக நிரலாளருக்குத் தெரிய வேண்டுமா, மறைந்திருக்க வேண்டுமா?

மறைந்திருக்கட்டும் என்பது வென்றது. காரணம் கம்பைலரின் உள்ளமைப்பில் இருக்கிறது. கிளாங் கம்பைலரை எடுத்துக்கொண்டால், கோரூட்டீனை வெட்டும் வேலை அதன் அடித்தளமான எல்எல்விஎம்மின் நடுப்பகுதியில், மேம்படுத்தல் ஓரளவு முடிந்தபின் நடக்கிறது. எந்த மாறி உண்மையிலேயே தேவை, எது ரெஜிஸ்டரிலேயே முடிந்துவிடும் என்பதெல்லாம் அப்போது தெரிந்துவிடுவதால் ஃபிரேம் இறுக்கமாக வரும். ஆனால் அளவைக் கேட்கும் முன்பகுதி அதற்குள் தன் வேலையை முடித்துவிட்டது. அதனால் சைஸ்ஆஃப் போட்டு ஃபிரேமின் அளவைக் கேட்க முடியாது. அளவு தெரியாத பொருளை உள்ளூர் மாறியாக வைக்கவும் முடியாது. ஹீப்பில் (ஓடும்போது கேட்டு வாங்கும் நினைவகத்தில்) ஒதுக்கி, ஒரு பாயின்டரை மட்டும் கையில் தருகிறார்கள்.

இதில் நல்ல பக்கமும் உண்டு. கோரூட்டீனின் உடல் வேறு சிபிபி கோப்பில் இருக்கலாம். உள்ளே மாறி சேர்த்தால் கூப்பிடுபவரை மறுபடி கம்பைல் செய்ய வேண்டியதில்லை. விர்ச்சுவல் ஃபங்ஷன் கோரூட்டீனாக இருப்பதிலும் சிக்கல் இல்லை. பெரிய பழைய நிரலில் இவை பெரிய வசதிகள்.

கெட்ட பக்கம், கொள்கையளவில் ஒவ்வொரு கோரூட்டீன் அழைப்புக்கும் ஓர் ஒதுக்கீடு. கூப்பிடுபவரின் வாழ்நாளுக்குள்ளேயே கோரூட்டீன் முடிந்துவிடும் என்று கம்பைலருக்கு நிரூபிக்க முடிந்தால் ஒதுக்கீட்டை நீக்கிவிடும், ஆனால் அது நடக்கும் என்று யாரும் உறுதி தரமாட்டார்கள். கிளாங்கில் இதற்கென ஓர் அட்ரிபியூட் வந்திருக்கிறது, மற்ற கம்பைலர்களுக்கு அது பொருந்தாது. கோரூட்டீனின் நடத்தையைத் தீர்மானிக்கும் பிராமிஸ் டைப்பில் நீங்களே ஆபரேட்டர் நியூ எழுதி ஒதுக்கீட்டைச் சொந்த நினைவகக் குளத்துக்குத் திருப்பலாம். ஒதுக்கீடு தோற்றால் எக்செப்ஷன் இல்லாமல் கையாளவும் வழி இருக்கிறது. ஆனால் குளத்தின் அளவை எப்படி முடிவு செய்வது? ஃபிரேம் எவ்வளவு என்று கம்பைல் நேரத்தில் தெரியாதே. மேம்படுத்தல் அளவை மாற்றினால் ஃபிரேமும் மாறும். ஹீப்பே கூடாது என்ற விதியுள்ள ஃபர்ம்வேரில் சி++ கோரூட்டீனை நான் ஏற்கத் தயங்குவது இதனால்தான்.

சர்வரில் இந்த ஒதுக்கீட்டுச் செலவு பெரும்பாலும் கவலைப்படத் தக்கது அல்ல. நெட்வொர்க்கில் ஒரு பாக்கெட் போய்வரும் நேரத்தில் எத்தனையோ ஒதுக்கீடுகள் முடிந்துவிடும். அங்கே உண்மையான ஆபத்து ரெஃபரன்ஸ்தான். ஒரு ஸ்ட்ரிங்கை கான்ஸ்ட் ரெஃபரன்ஸாக வாங்கும் கோரூட்டீனை நினைத்துப் பாருங்கள். சி++ நிரலாளரின் கை பழக்கத்தில் அப்படித்தான் எழுதும். கோரூட்டீன் ஃபிரேமுக்குள் நகலாவது ரெஃபரன்ஸ் மட்டும், ஸ்ட்ரிங் இல்லை. முதல் கோ-அவெய்ட்டில் நின்று திரும்பியதும், கூப்பிட்டவர் தற்காலிக ஸ்ட்ரிங்கை அழித்துவிட்டுப் போயிருப்பார். தொடரும்போது படிப்பது குப்பை. லாம்டா இன்னும் மோசம். கேப்ச்சர் செய்த மாறிகள் ஃபிரேமில் இல்லை, லாம்டா பொருளில் இருக்கின்றன, அந்தப் பொருள் முதல் நிறுத்தத்திலேயே அழிந்துபோகலாம். சி++ கோர் கைட்லைன்ஸ் இதற்கு மூன்று விதிகளே போட்டிருக்கிறது: கேப்ச்சர் உள்ள லாம்டாவைக் கோரூட்டீனாக்காதே, லாக்கைப் பிடித்துக்கொண்டு நிற்காதே, அளவுருவை ரெஃபரன்ஸாக வாங்காதே. மூன்றையும் கம்பைலர் கட்டாயப்படுத்தாது.

இன்னொன்று. சி++20 கொடுத்தது பொறிமுறை மட்டும். டாஸ்க் என்று ஒரு டைப்கூட அதில் இல்லை. ஜெனரேட்டர் சி++23-இல் வந்தது. எக்ஸிகியூஷன் நூலகம் சி++26-க்கு 2024-இல் ஏற்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் ஏசியோ, ஃபாலி, சீஸ்டார் போன்ற நூலகங்கள் எல்லாம் ஆளுக்கொரு டைப் வைத்துக்கொண்டன. இரண்டு நூலகங்களை ஒரே நிரலில் சேர்த்தால் நடுவில் பாலம் கட்டுவது உங்கள் வேலை.

சி++ வடிவம் அசத்தும் ஓர் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். டேட்டாபேஸ் இன்டெக்ஸில் தேடும்போது முதன்மை நினைவகத்திலிருந்து ஒரு மதிப்பு வர ஏறத்தாழ 100 நானோவினாடி ஆகிறது. அந்த நேரத்தில் பிராசஸர் சும்மா நிற்கிறது. ப்ரீஃபெட்ச் (மதிப்பை முன்கூட்டியே கொண்டுவரச் சொல்லும் கட்டளை) கொடுத்துவிட்டு கோ-அவெய்ட் போட்டு அடுத்த தேடலுக்குத் தாவினால் அந்தக் காத்திருப்பை மறைக்கலாம். 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை நடைமுறையில் செய்து காட்டியது. சில நானோவினாடியில் மாறத் தெரிந்தவற்றுக்கே இது கைகூடும். த்ரெட்டால் கனவிலும் முடியாது.

ரஸ்ட்: ஃபிரேம் ஒரு மதிப்பு

ரஸ்ட்டில் 2016-இல் ஆரன் டூரான், அலெக்ஸ் கிரைட்டன் இருவரும் ஃப்யூச்சர் (பின்னர் முடியப்போகும் வேலையைக் குறிக்கும் மதிப்பு) நூலகத்தைக் கொண்டுவந்தார்கள். 2019 நவம்பர் 7-இல் வந்த 1.39 பதிப்பில் ஏசிங்க்-அவெய்ட் நிலைத்தது. இங்கே எடுத்த முடிவு சி++-க்கு நேர் எதிர். ஏசிங்க் ஃபங்ஷனைக் கூப்பிட்டால் எதுவும் ஓடாது. ஒரு மதிப்பு கிடைக்கும், அந்த மதிப்புதான் ஃபிரேம். அதற்கு டைப் உண்டு, அளவு உண்டு. ஸ்டாட்டிக்கில் வைக்கலாம், இன்னொரு ஸ்ட்ரக்டுக்குள் வைக்கலாம், வேண்டுமானால் ஹீப்பில் வைக்கலாம். எங்கே என்பது உங்கள் விருப்பம்.

ஓர் ஏசிங்க் ஃபங்ஷன் இன்னொன்றை அவெய்ட் செய்தால், உள்ளே இருப்பதன் ஃபிரேம் வெளியே இருப்பதன் ஃபிரேமுக்குள் அடங்கிவிடும். இப்படிப் பத்து நிலை ஆழம் போனாலும் மொத்தமும் ஒரே பெரிய ஸ்ட்ரக்ட். டாஸ்க்காக அனுப்பும்போது ஒரே ஓர் ஒதுக்கீடு, அல்லது ஒதுக்கீடே இல்லை. ஸ்டாக் தரும் அடக்கம் ஸ்டாக் இல்லாமலேயே கிடைத்துவிடுகிறது.

இதற்கும் விலை உண்டு, அதன் பெயர் பின் (Pin). ஃபங்ஷனுக்குள் ஒரு பஃபரும், அந்தப் பஃபரைக் காட்டும் ரெஃபரன்ஸும் அவெய்ட்டைத் தாண்டி வாழ்ந்தால், அந்த ஸ்ட்ரக்ட் தன்னையே காட்டும் பாயின்டரைச் சுமக்கிறது. அதை வேறு இடத்துக்கு நகர்த்தினால் பாயின்டர் பழைய முகவரியிலேயே நிற்கும். ரஸ்ட்டில் மதிப்புகளை நகர்த்துவது அன்றாட விஷயம். அதனால், ஒருமுறை ஓடத் தொடங்கிய ஃப்யூச்சரை இனி நகர்த்தமாட்டேன் என்ற வாக்குறுதியை டைப்பிலேயே எழுத வேண்டி வந்தது. சி++-க்கு இந்தத் தொல்லை இல்லை, ஹீப்பில் இருக்கும் ஃபிரேம் எங்கேயும் நகராது. சி++ ஒதுக்கீட்டில் செலுத்தும் கடனை ரஸ்ட் பின்னில் செலுத்துகிறது. ஏசிங்க் ஃபங்ஷன்களை மட்டும் எழுதுபவர் பின்னை அதிகம் சந்திக்கமாட்டார். ஃப்யூச்சரை ஓட்டும் போல் மெத்தடைக் கையால் எழுதுபவர் தினமும் சந்திப்பார்.

அளவு விஷயத்திலும் எதிர்மாறான விளைவு. ரஸ்ட் கம்பைலர் கோரூட்டீனை வெட்டுவது எல்எல்விஎம்முக்கு முன்பே, தன்னுடைய மிர் என்ற இடைநிலை வடிவத்தில். அளவு அங்கேயே முடிவாகிவிடும், பிறகு வரும் மேம்படுத்தல் எதுவும் அதைச் சுருக்க முடியாது. ஒரே நேரத்தில் உயிரோடு இல்லாத மாறிகள் இடத்தைப் பகிர்ந்துகொள்ளும் என்றாலும், சில நேரம் ஃபிரேம் தேவைக்கு மேல் வீங்கியே வரும். எப்போதோ ஒருமுறை ஓடும் கிளையில் ஒருவர் 64 கிலோபைட் அரே வைத்து, அதை அவெய்ட் தாண்டியும் வைத்திருந்தால், அந்த டாஸ்க்கின் ஒவ்வொரு பிரதியும் அதைச் சுமக்கும். இதற்குத் தீர்வு அந்தக் கிளையை மட்டும் பாக்ஸில் போட்டு ஹீப்புக்கு அனுப்புவது. தன்னைத்தானே கூப்பிடும் ஏசிங்க் ஃபங்ஷனுக்கும் அதே தீர்வு, முடிவில்லாத அளவுள்ள ஸ்ட்ரக்ட் இருக்க முடியாதல்லவா. டிரெய்ட்டில் (ரஸ்ட்டின் இன்டர்ஃபேஸ்) ஏசிங்க் ஃபங்ஷன் 2023 டிசம்பரில் 1.75 பதிப்பில்தான் வந்தது. டைனமிக் டிரெய்ட்டுக்கு இன்னும் பாக்ஸ் வேண்டும். சி++-இல் விர்ச்சுவல் கோரூட்டீன் சும்மா கிடைப்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ரஸ்ட்டில் எனக்கு உண்மையில் கவலை தருவது ரத்து. ஃபிரேம் ஒரு மதிப்பு என்பதால் அதை டிராப் செய்தால் வேலை அங்கேயே நின்றுவிடும். டைம்அவுட் எழுத எவ்வளவு சுலபம்! ஆனால் எந்த அவெய்ட்டிலும் உங்கள் ஃபங்ஷன் சத்தமில்லாமல் முடிந்துபோகலாம் என்று அர்த்தம். டோக்கியோ என்ற ரன்டைமின் ரீட்-எக்ஸாக்ட்டை, பலவற்றில் முதலில் முடிவதை எடுக்கும் செலக்ட்டுக்குள் போட்டு, பாதி பைட் படித்திருக்கும்போது வேறு கிளை ஜெயித்தால், படித்த பைட்டுகள் தொலைந்தன. ஆவணத்திலேயே எச்சரிக்கை இருக்கிறது. டைப் செக்கர் இதைப் பிடிக்காது. லினக்ஸின் ஐஓ-யூரிங் என்ற உள்ளீடு-வெளியீடு இடைமுகத்தோடு இது இன்னும் உரசுகிறது. அங்கே கெர்னலிடம் பஃபரைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறோம். ஃப்யூச்சரை டிராப் செய்தாலும் கெர்னல் எழுதிக்கொண்டே இருக்கும். அதனால் பஃபரின் உரிமையையே ரன்டைமிடம் ஒப்படைக்கும் வேறு மாதிரி ஏபிஐ தேவைப்படுகிறது.

ரன்டைம் மொழியோடு வருவதில்லை. டோக்கியோ 2020 டிசம்பரில் 1.0 ஆனது, சர்வர் உலகம் அதன் பின்னால் போய்விட்டது. போட்டியாக இருந்த ஏசிங்க்-எஸ்டிடி 2025-இல் கைவிடப்பட்டது. சர்வருக்கு எதைத் தேர்வது என்ற குழப்பம் ஒருவகையில் தானாகவே தீர்ந்துவிட்டது.

ஜிக்: போட்டுப் பார்த்து எடுத்தது

ஜிக் 2019-இன் 0.5 பதிப்பிலேயே ஏசிங்க் வைத்திருந்தது. ஃபிரேமுக்கு டைப் உண்டு, அதை வைக்கும் இடத்தையும் நீங்களே தரலாம். கேட்க ரஸ்ட் மாதிரி இருந்தாலும், ஒரே ஃபங்ஷன் சாதாரணமாகவும் ஏசிங்காகவும் ஓடும் என்பது கூடுதல் ஆசை. பிறகு கம்பைலரை ஜிக்கிலேயே திரும்ப எழுதினார்கள். புதிய கம்பைலரில் ஏசிங்க் இல்லை. 2023-இல் 0.11 பழைய கம்பைலரை விட்டதோடு வசதியும் போனது, 2025-இல் 0.15 கீவேர்டுகளையும் நீக்கியது.

இப்போதைய திசை வேறு. அலொக்கேட்டரை அளவுருவாக அனுப்புவது போல ஐஓ என்ற இன்டர்ஃபேஸை அனுப்புவது. பின்னால் த்ரெட்டா, தனி ஸ்டாக் மாற்றமா என்பதை நிரலின் உச்சியில் ஒருவர் தீர்மானிப்பார். ஸ்டாக்லெஸ் வடிவம் பின்னொரு நாள் அடியில் வந்து சேரலாம். நூலகம் எழுதுபவருக்கு இது நல்ல யோசனை என்று நினைக்கிறேன். ஆனால் இன்று ஸ்டாக்லெஸ் கோரூட்டீன் வேண்டும் என்பவருக்கு ஜிக் பதில் இல்லை. ஜிக்கில் எழுதப்பட்ட டைகர்பீட்டில் டேட்டாபேஸ் கால்பேக்கையும் முன்கூட்டிய நினைவக ஒதுக்கீட்டையும் வைத்தே நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, எதை எடுப்பது

முதலில் கோரூட்டீன் வேண்டுமா என்று பாருங்கள். சில நூறு இணைப்புகள் மட்டும் உள்ள லினக்ஸ் சர்வருக்குத் த்ரெட் போதும். ஒரு த்ரெட்டுக்கு 8 மெகாபைட் என்று பயமுறுத்துவார்கள். அது ஒதுக்கிவைத்த முகவரிதான், தொட்ட பக்கங்கள் மட்டுமே உண்மையான ரேமில் ஏறும். டீபக் செய்வதும் சுலபம். நின்றிருக்கும் த்ரெட்டின் பேக்டிரேஸை டீபக்கர் காட்டும். நின்றிருக்கும் கோரூட்டீன் எந்த ஸ்டாக்கிலும் இல்லாததால் அதைத் தேடிப்பிடிக்கத் தனிக் கருவி வேண்டும்.

மைக்ரோகன்ட்ரோலருக்கு வருவோம். ப்ளூ பில் பலகையில் இருக்கும் எஸ்டிஎம்32 எஃப்103 சில்லில் ரேம் 20 கிலோபைட். ஃப்ரீஆர்டாஸ் என்ற இயங்குதளம் போட்டு எட்டு டாஸ்க், ஒவ்வொன்றுக்கும் 1 கிலோபைட் ஸ்டாக் என்றால் 8 கிலோபைட் அங்கேயே காலி. அந்த 1 கிலோபைட்டும் ஒரு ஊகம்தான், பிரின்ட்எஃப் ஒன்று சேர்த்தால் வழியலாம். இதே வேலையை ரஸ்ட்டின் எம்பஸி என்ற ஏசிங்க் கட்டமைப்பு கொண்டு எழுதினால் எட்டு டாஸ்க்கும் ஸ்டாட்டிக் நினைவகத்தில், அளவு தெரிந்த ஸ்ட்ரக்டுகளாக உட்காரும். ஓடும்போது எல்லாவற்றுக்கும் ஒரே ஸ்டாக். இன்டரப்ட் வந்தால் வேக்கர் டாஸ்க்கை எழுப்பும், யாருக்கும் வேலை இல்லையென்றால் சில்லு தூங்கும். எஸ்டிஎம்32, என்ஆர்எஃப்52, ஆர்பி2040 போன்ற சில்லில் புதிதாகத் தொடங்குகிறவர் நேராக இதற்கே போகலாம். ஆனால் ஒரு விஷயம்: ஒரு டாஸ்க் நிற்காமல் 20 மில்லிவினாடி கணக்குப் போட்டால் மற்றவை காத்திருக்க வேண்டியதுதான். கடுமையான கெடு உள்ள வேலையை இன்டரப்ட்டிலோ அதிக முன்னுரிமை உள்ள தனி எக்ஸிகியூட்டரிலோ வைக்க வேண்டும். முன்னுரிமைப்படி பறித்து ஓடும் ஃப்ரீஆர்டாஸ் அங்கே இன்னும் பலமானது.

சில்லு 8051 அல்லது 8-பிட் பிக் என்றால் பேச்சே இல்லை, ரஸ்ட் கம்பைலரே கிடையாது. புரோட்டோத்ரெட் எடுங்கள். ஸ்விட்ச் வடிவத்தின் விதிகளைக் கோப்பின் தலையில் எழுதி ஒட்டுங்கள்.

கையில் இருப்பது ஏசியோவில் கால்பேக்காக எழுதிய பெரிய சி++ சர்வர் என்றால் ரஸ்ட்டுக்குத் தாவும் யோசனையை ஒத்திவைத்து, சி++20 கோரூட்டீனுக்கு மாறுவதே சரி என்பேன். ஏசியோவின் அவெய்ட்டபிள் பழைய கால்பேக்கோடு கலந்தே ஓடும். ஒரு ஹேண்ட்லரை இன்று, இன்னொன்றை அடுத்த மாதம் என்று மாற்றலாம். மேலே சொன்ன மூன்று விதிகளையும் கோட் ரிவ்யூவில் கண்டிப்பாக வையுங்கள், கிளாங்-டைடி என்ற கோட் சோதனைக் கருவியில் இவற்றைப் பிடிக்கும் சோதனைகள் உண்டு. டெஸ்ட்டுகளை, நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிட்டைசரோடு ஓட்டுங்கள்.

புதிய சர்வர், பல்லாயிரம் இணைப்பு, குழுவுக்கு ரஸ்ட் தெரியும் அல்லது கற்க நேரம் உண்டு என்றால் டோக்கியோ. கற்க நேரம் இல்லை, வால் தாமதம் (மிக மெதுவான சில கோரிக்கைகளின் தாமதம்) பற்றிப் பெரிய கவலையும் இல்லை என்றால் கோ மொழி. நிறமும் இல்லை, பின்னும் இல்லை. சி நூலகங்களை அடிக்கடி கூப்பிட வேண்டியிருந்தால் மட்டும் யோசியுங்கள், ஒவ்வொரு அழைப்பிலும் ஸ்டாக் மாற வேண்டியிருப்பதால் அங்கே செலவு தெரியும்.

முடிவெடுக்கும் முன் உங்கள் நிரலிலேயே மிக ஆழமான ஓர் ஏசிங்க் பாதையை எடுத்து எழுதி அளந்துவிடுங்கள். ரஸ்ட்டில் ஃப்யூச்சரை ஒரு மாறியில் வாங்கி, ஓட்டாமலேயே சைஸ்-ஆஃப்-வேல் போட்டால் பைட் கணக்கு வந்துவிடும். சி++-இல் பிராமிஸ் டைப்பின் ஆபரேட்டர் நியூவில் வரும் அளவை அச்சிடுங்கள். அதை ஓ0, ஓ2 என்ற மேம்படுத்தல் அளவுகள் இரண்டிலும் செய்து, எத்தனை முறை கூப்பிடப்படுகிறது என்றும் எண்ணுங்கள். ஓ2-வில் எண்ணிக்கை குறைந்தால் அந்த ஒதுக்கீடுகளைக் கம்பைலர் நீக்கிவிட்டது, குறையாவிட்டால் குளம் கட்டும் வேலை உங்களுக்கு. கிடைத்த எண்ணை எதிர்பார்க்கும் இணைப்பு எண்ணிக்கையால் பெருக்கி ரேமோடு ஒப்பிட்டால், த்ரெட்டே போதும் என்று தெரியவரவும் வாய்ப்பு உண்டு.